அடியை யார் பார்க்கிறார்கள்

அதை மேல வைக்காத, தாயி. குடு, என் மடியிலயே இருக்கட்டும். உன் பையை வேணும்னா மேல வை. இந்த டிரைவர் போடுற பிரேக்குக்கு மேல இருக்கிறது எல்லாம் தலையில வந்து இறங்கும். இது விழக்கூடாது. மத்த நாள் விழுந்தாலும் பரவாயில்ல, இன்னைக்கு விழக்கூடாது. சாத்தூர் போய்ச் சேருற வரைக்கும் நலுங்காம இருந்தாப் போதும்.

நீ எங்க இறங்கணும்? சாத்தூரா? நல்லதாப் போச்சு. ஜன்னல் பக்கம் நீயே உக்காரு. எனக்குக் காத்தும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். காலையிலேருந்து வாயில ஒண்ணும் வைக்கலை. எங்க அம்மா காப்பி போட்டுக் குடுத்தா, அப்படியே வச்சுட்டு வந்துட்டேன்.

என்னன்னு பாக்குறியா? பொட்டிதான். வெறும் அட்டைப் பொட்டி. சிரிக்காத. உள்ள ஒரு கண்ணாடிப் பாட்டில் இருக்கு. நெய் பாட்டிலு. நெய் எப்பவோ காலி. அதே கனத்துக்குத் தண்ணி ஊத்தி மூடி வச்சிருக்கேன். சாயங்காலம் எங்க கடை மாடியில குடும்பம் மொத்தமும் கூடுது. எல்லார் முன்னாலயும் இந்தப் பொட்டிய மேல் பக்கமாப் பிடிச்சு ஒத்தக் கையால தூக்கிக் காட்டணும். தூக்கி, குலுக்கி, திரும்ப வைக்கணும். பாட்டில் உள்ளேயே நின்னுச்சுன்னா ஜெயக்கொடி கடையை விட்டு இறங்கணும். நிக்கலைன்னா... அந்தப் பேச்சே இல்ல. நிக்கும். காலையில எங்க அம்மா வீட்டுல திரும்பத் திரும்பத் தூக்கிப் பாத்துட்டேன். பாறை கணக்கா நிக்குது.

ஜெயக்கொடி யாருன்னு சொல்லலையோ? என் ஓரகத்தி. என் கொழுந்தன் பொண்டாட்டி. கொழுந்தன் மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துட்டாரு. பிள்ளை இல்ல. சாத்தூர் கடைவீதியில எங்களுக்கு ஒரு சேவுக்கடை இருக்கு. காரச்சேவு, சீனிச்சேவு, முறுக்கு. கடை அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொதுவு. கொழுந்தன் போனதும் அவர் பங்கு அவளுக்கு ஆச்சு. சரி, இருந்துட்டுப் போகட்டும்னு நானும் பெரிய மனசு பண்ணி விட்டேன். முன்னால கல்லாவில நான். பின்னால பட்டறையில, அதான் சேவு போடுற இடம், அங்க எங்க வீட்டுக்காரரும் அவளும் வேலைக்காரங்களும். எங்க வீட்டுக்காரர் சேவு தேய்ப்பாரு. அதைத் தவிர உலகத்துல எது நடந்தாலும் வாயைத் திறக்க மாட்டாரு. எண்ணெய்ப் புகை எனக்கு ஆகாது, மூச்சு இழுக்கும். அதனால பட்டறைப் பக்கம் நான் போறதில்ல.

அவளைப் பத்தி நான் குறை சொல்றேன்னு நினைக்காத. நல்லவதான். ஆனா ஒவ்வொரு விஷயத்துலயும் ஒரு கோணல் பாரு. ஒரு தட்டைத் தூக்கணும்னா ஓரத்தைப் பிடிச்சுத் தூக்க மாட்டா. அடியில கை குடுத்துத்தான் தூக்குவா, என்னமோ பச்சைப் பிள்ளையைத் தூக்குற மாதிரி. பொட்டலத்துக்கு டேப்பு ஒட்டுறோம்ல, டேப்பு, ஒட்டினோமா வெட்டினோமான்னு போக மாட்டா. நுனியைக் கொஞ்சம் உள்ளுக்கு மடிச்சு விடுவா. ஏன்டின்னு கேட்டேன். "உரிக்கிறவங்களுக்கு நகம் தேயக்கூடாதுல்லக்கா"ங்கிறா. எவனோ வாங்குறான், எவனோ உரிக்கிறான். அவன் நகம் தேஞ்சா இவளுக்கு என்ன? ஒவ்வொரு பொட்டலத்துக்கும் ஒரு விரக்கடை டேப்பு வீணு. வருஷம் பூரா கூட்டினா? நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லு.

விளாத்திகுளம் பக்கம் அவளுக்கு. கரிசக்காடு. அவளுக்குப் பொட்டின்னா பனையோலைப் பொட்டிதான் தெரியும். நான் யாரு? சண்முகக்கனி, சிவகாசிக்காரி. எங்க அப்பா பிரஸ்ல பஞ்சிங் மிஷின் ஓட்டுனவரு. அட்டையை உருவத்துக்கு வெட்டி, மடிக்க வேண்டிய இடத்துல கோடு அமுக்கிக் குடுக்குமே, அந்த மிஷின். சின்ன வயசுல பொம்மை வச்சு விளையாண்டதில்ல நானு. வீணாப் போன அட்டையை மடிச்சு மடிச்சுப் பொட்டி செஞ்சுதான் விளையாண்டேன்.

பொட்டியப் பத்தி நான் பேசினா இந்த பஸ்ஸே கேக்கணும். அந்தா, முன்னால பச்சைச் சட்டைக்காரர் மடியில வச்சிருக்காரே, செருப்புப் பொட்டி. கீழ தட்டு தனி, மேல மூடி தனி. ஏன் தனித்தனி? செருப்புக் கடையில வர்றவன் போறவனுக்கெல்லாம் திறந்து திறந்து காட்டணும். செருகு மூடி போட்டா, மடிச்சு உள்ள செருகுற காது சீக்கிரமே கிழிஞ்சு தொங்கும். அந்தப் பொண்ணு கையில இருக்கிறது வளையலு. அதுக்கு உறை போட்ட பொட்டி, நம்ம தீப்பெட்டி கணக்கா உள்ளறையைத் தள்ளித் திறக்கிறது. நீ கேக்கு வச்சிருக்க. அதுக்கு ஜன்னல் வச்சு கண்ணாடித்தாள் ஒட்டியிருக்கான் பாரு, அது சரி. கேக்கைக் கண்ணால பாத்தாத்தான் வாங்குவோம். அதே ஜன்னலை எங்க காரச்சேவுக்கு வச்சா? வெயில் பட்டு எண்ணெய் காறிப் போகும். சீனிச்சேவுல பாகு இருக்கு, அட்டையில ஒட்டும், உள்ளுக்கு வெண்ணெய்த்தாள் வேணும். முறுக்குக்கு உயரப் பொட்டி போட்டா அடியில கிடக்கிறது நொறுங்கும், அகலமாத்தான் போடணும். ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு குணம் இருக்கு, தாயி. ஆளைப் பாத்துத்தானே சட்டை தைக்கிறோம்?

இது எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனா இன்னைக்கு அவ எனக்குப் போட்டியா ஒரு பொட்டியத் தூக்கிக்கிட்டு நிக்கிறா. நிக்க வச்சுட்டாங்க.

என்ன ஊரு இது? சின்னக்காமன்பட்டியா? இன்னும் நேரம் இருக்கு. கேளு.

மூணு தீபாவளிக்கு முன்னால எங்களுக்கு ஒரு மில்லு ஆர்டர் வந்துச்சு. நூல் மில்லு. அங்க வேலை பாக்குற எல்லாருக்கும் தீபாவளிக்கு ஒரு பொட்டி. உள்ள காரச்சேவு ஒரு பாக்கெட்டு, சீனிச்சேவு ஒரு பாக்கெட்டு, நெய் ஒரு பாட்டிலு. எங்க மாமனார் காலத்துலேருந்து பேப்பர்ல பொட்டலம் கட்டுன கடைக்கு முத முதலா அச்சுப் போட்ட பொட்டி. இது சரியாப் போச்சுன்னா வருஷா வருஷம் நமக்கு. சொதப்புனா சாத்தூர்ல இன்னும் எத்தனையோ சேவுக்கடை இருக்கு. எங்க வீட்டுக்காரர் என்னைப் பாத்தாரு. நான் சொன்னேன், பொட்டி என் பொறுப்பு.

சிவகாசியில எங்க அப்பாவோட வேலை பாத்த மாரிக்கனி அண்ணாச்சி இப்பத் தனியா பிரஸ் வச்சிருக்காரு. ஜெயக்கொடியையும் கூட்டிக்கிட்டுப் போனேன், நாலு விஷயம் தெரிஞ்சுக்கட்டும்னு. அண்ணாச்சி வெள்ளை அட்டையில மூணு டம்மி வெட்டி வச்சிருந்தாரு. டம்மின்னா அச்சுப் போடாத மாதிரிப் பொட்டி. ஒண்ணு, மேலயும் கீழயும் செருகு மூடி, நம்ம பல் தேய்க்கிற பேஸ்ட்டுப் பொட்டி மாதிரி. இன்னொண்ணு, அடியில நாலு காதையும் கையால ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி விடுறது. மூணாவது ஆட்டோ லாக்கு. அடியை முன்னாடியே பசை போட்டு மடிச்சு வச்சிருப்பாங்க. ரெண்டு ஓரத்தையும் பிடிச்சு அமுக்கினா அடி படக்குன்னு விரிஞ்சு தானே பூட்டிக்கும்.

"தங்கச்சி, கண்ணாடிப் பாட்டில் போகுது. யோசிக்கவே வேண்டாம், மூணாவதப் போட்டுருவோம்"னாரு.

நான் அந்த அடியைத் திருப்பிப் பாத்தேன். காதும் மடிப்பும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கிட்டு, நடுவுல ஒரு சந்து, மருந்துப் பாட்டில் பொட்டி கணக்கா. லட்சணமாவா இருக்கு?

"அண்ணாச்சி, நான் தீபாவளிப் பலகாரம் குடுக்கிறேனா, இருமல் மருந்து குடுக்கிறேனா?"ன்னேன்.

சிரிச்சுட்டாரு. "அடியை யாரும்மா பாக்கப் போறா?"

"நான் பாப்பேன், அண்ணாச்சி."

அப்படிச் சொன்னேன். அங்க இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பாத்தாங்க. எங்க அப்பா இருந்திருந்தா மெச்சியிருப்பாரு. செருகு மூடியே போடுங்கன்னு முடிச்சேன். மேல எப்படியோ கீழயும் அப்படியே, ஒரு சுருக்கம் இல்லாம, ஒரு சந்து இல்லாம. அப்பதான் இவ வாயைத் திறந்தா. அதுவரைக்கும் ஊமை மாதிரி நின்னவ.

"அக்கா, தூக்குனா அடி தாங்குமா?"

அண்ணாச்சி முன்னால! என் பிறந்த ஊர்ல! நான் திரும்பி ஒரு பார்வை பாத்தேன், அதோட அடங்கிட்டா. ஆனா அந்தப் பார்வையை அவ மனசுல வச்சிருந்திருக்கா, தாயி. அதான் இன்னைக்கு இந்த நிலைமை.

பொட்டி வந்துச்சு. செக்கச் சிவந்த அட்டையில தங்கக் கலர் விளக்கு, மேல கடைப்பேரு, பளபளன்னு லேமினேஷன். கையில எடுத்தா வைக்க மனசு வராது. முதப் பொட்டிய, பட்டறை வாசல்லயே உக்காந்து, என் கையாலயே நிரப்பினேன். சேவு வச்சேன், பாட்டில் வச்சேன், மூடினேன். "தூக்கி அந்தப் பக்கம் வை"ன்னு ஜெயக்கொடிகிட்டச் சொன்னேன். எப்பவும் அடியில கை குடுக்கிறவ அன்னைக்குன்னு பாத்து மேல மூடியப் பிடிச்சுத் தூக்குறா. வேணும்னே! அடி திறந்து பாட்டில் நேரா தரையில. உடைஞ்சு நெய் எல்லாம் ஓடுது. அதைப் பிடிக்கப் போயி இவ விரலைக் கிழிச்சுக்கிட்டா. ரத்தம்.

தீபாவளி வேலை தொடங்குற நாளும் அதுவுமா, முதப் பொட்டியில ரத்தம். எனக்கு எப்படி இருக்கும்? வாயில வந்ததைச் சொன்னேன். "ராசியில்லாத கையி. உன்னைத் தொடச் சொன்னேன் பாரு, என்னைச் சொல்லணும்." அப்படித்தான் சொன்னேன். பட்டறையில அத்தனை பேரும் இருந்தாங்க. எங்க வீட்டுக்காரர் சேவுக் கரண்டியை அப்படியே எண்ணெய்ச் சட்டிக்கு மேல பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அவ விரலை முந்தானையில சுத்திக்கிட்டு நெய்யைத் துடைச்சா.

சொன்னது தப்பா? நீ சின்னப் பிள்ளை, உனக்கு அப்படித் தோணும். அந்த நேரத்துல அங்க நின்னிருந்தா தெரியும். நாளைக்கு அடுக்கி மறுநாள் மில்லுக்கு அனுப்பணும். எல்லாப் பொட்டியும் அச்சடிச்சு வந்தாச்சு, மாத்த முடியாது. மில்லுல ஆளாளுக்கு வாங்கி மேல பிடிச்சுத் தூக்குவான். ஒவ்வொருத்தன் காலடியிலயும் பாட்டில் விழுந்து உடைஞ்சா? கடைப்பேரு என்ன ஆகும்? அன்னைக்கு நான் தூங்கவே இல்ல. விடிஞ்சதும் குளிச்சுட்டு இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டேன். ஆத்தா, பொட்டி நிக்கணும், அந்தக் கையோட ராசி என் பொட்டியில ஒட்டக்கூடாதுன்னு அழுது புரண்டேன். பகல் பூரா அங்கதான் கிடந்தேன்.

திரும்பி வந்தா, எல்லாம் முடிஞ்சிருக்கு! நிரப்பி, பெரிய பெரிய அட்டைப் பொட்டிக்குள்ள அடுக்கி, கயிறு கட்டி, டெம்போ ஏத்தத் தயாரா இருக்கு. மறுநாள் போச்சு. ஒரு பாட்டில் உடையல, தாயி. ஒண்ணுகூட உடையல. மில்லுலேருந்து ஃபோன் பண்ணி என்ன சொன்னாங்க தெரியுமா? "பொட்டி பிரமாதம்மா, அடி நல்லா உறுதியா இருக்கு"ன்னாங்க. அடியைப் பாத்திருக்காங்க! யாரு பாப்பான்னு கேட்டாரே அண்ணாச்சி. அவருக்கே ஃபோன் போட்டுச் சொன்னேன். "அப்படியா, செருகு மூடியா நின்னுச்சு?"ன்னு ரெண்டு தரம் கேட்டாரு. எங்க அப்பா பொண்ணு, அண்ணாச்சின்னேன்.

மிஞ்சின ஒரு பொட்டிய ஜெயக்கொடியே பிளாஸ்டிக் கவர்ல போட்டு எங்கிட்டக் குடுத்தா. "அக்கா, நீங்க பாத்து எடுத்த பொட்டி. ஞாபகத்துக்கு நீங்களே வச்சுக்கோங்க." அதுதான் இது. சேவைத் தின்னோம், நெய்யை எங்க அம்மா கரைச்சுட்டா. பொட்டியக் கவரோட அம்மா வீட்டு ஷோகேஸ்ல நிறுத்தி வச்சேன். தூசி படாம மூணு வருஷம். இன்னைக்குத்தான் கவரைப் பிரிச்சேன்.

இதெல்லாம் நல்ல கதை. கெட்ட கதையும் இருக்கு. அன்னைக்குக் கோயில்லேருந்து வந்து கல்லாவில ஒரு பொட்டலம் ஒட்ட டேப்பு தேடுறேன், கடையில டேப்பே இல்ல! தீபாவளிக்குன்னு வாங்கிப் போட்ட உருளை எல்லாம் வெறும் வளையமாக் கிடக்கு. யாருடி எடுத்ததுன்னா, தலையைக் குனிஞ்சுக்கிட்டு "தீந்து போச்சுக்கா"ங்கிறா. எப்படித் தீரும்? அதோட விட்டாளா? மறுநாள் சீனிப் பாகு கிண்டுடின்னா, விரல் எரியுதுங்கிறா. ஒத்த விரல்ல வெட்டு, பத்து விரலையும் விரிச்சுக் காட்டுறா, நுனியெல்லாம் தோல் உரிஞ்ச மாதிரி. நடிப்பு.

அடுத்த தீபாவளிக்கும் அதே பொட்டி. பொட்டி அடுக்குற அன்னைக்கு நான் இருக்கன்குடிக்குப் போயிருவேன், அது ஒரு வழக்கமாப் போச்சு, ஆத்தா கண் பாத்ததாச்சே. அந்தத் தரமும் ஒரு பாட்டில் உடையல. அந்தத் தரமும் டேப்பு மாயம். போன வருஷமும் அதே கூத்து.

என்ன கேக்குற? அந்த டேப்பெல்லாம் எங்க போச்சுன்னா? அதைத்தான் தாயி நானும் கேக்குறேன்! நீயாவது கேட்டியே. எங்க வீட்டுல ஒருத்தர் கேக்கல. விளாத்திகுளத்துல அவ அண்ணன் ஃபேன்ஸி கடை வச்சிருக்கான். வேற எங்க போகும்?

மேட்டமலை வந்துருச்சா? வேகமாத்தான் போறான்.

இந்த வருஷம் ரெண்டு மில்லு ஆர்டர். போன தீபாவளி மாதிரி ரெண்டு மடங்கு. நான் அண்ணாச்சிக்கு ஃபோன் போடப் போறேன், இவ வந்து முன்னால நிக்கிறா.

"அக்கா, இந்த வருஷம் பொட்டியோட அடியை மாத்திருவோம். ஆட்டோ லாக்கு போட்டுருவோம். இம்புட்டுக்கு என் கையால முடியாதுக்கா."

"பொட்டியோட அடிக்கும் உன் கைக்கும் என்னடி சம்பந்தம்?"

எங்க வீட்டுக்காரர் எதையோ சொல்ல வந்தாரு, அவ கண்ணாலயே வேண்டாம்னா. பாத்தியா, அவரையும் கைக்குள்ள போட்டு வச்சிருக்கா. நான் முடியாதுன்னேன். மூணு வருஷமா நிக்கிற பொட்டி. என்ன செஞ்சா தெரியுமா? தனியா பஸ் ஏறி சிவகாசிக்குப் போயி, எங்க அண்ணாச்சிகிட்டயே ஒரு டம்மி வெட்டி வாங்கிட்டு வந்துட்டா. எனக்குத் தெரியாம! என் பிறந்த ஊர்ல!

அதுக்கப்புறம் நான் சும்மா இருப்பேனா? எங்க வீட்டுக்காரரோட பெரியப்பா ஒருத்தர் இருக்காரு, பெரிய மாமா, குடும்பத்துக்கு அவர் சொல்றதுதான். போய் நின்னேன். ஒரு கடையில ரெண்டு கை வேண்டாம் மாமா, அவ பங்குக்கு என்னவோ அதைக் குடுத்து அவ ஊருக்கு அனுப்பிருங்கன்னேன். மாமா அவளைக் கூப்பிட்டுக் கேட்டாரு. அவ, "நான் எங்கேயும் போகலை மாமா, எனக்கு இந்தக் கடையை விட்டா வேற எடம் இல்ல"ன்னா. அழல. அழுதாக்கூட நான் விட்டிருப்பேனோ என்னவோ. மாமா முடிவாச் சொன்னாரு. "வாய்ச் சண்டை வேண்டாம். ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் உங்க உங்க பொட்டியக் கொண்டாங்க. பாட்டிலை உள்ள போட்டு எல்லாரும் பாக்கத் தூக்குங்க. சண்முகக்கனி பொட்டி நின்னுச்சுன்னா அவ சொல்றபடி. நிக்கலைன்னா பொட்டியும் ஆர்டரும் ஜெயக்கொடி பொறுப்பு."

சரின்னுட்டேன். அவளும் சரின்னுட்டா. ஆனா கீழ இறங்கும்போது படியில நின்னு எங்கிட்ட என்ன சொன்னா தெரியுமா? "அக்கா, புதுப் பொட்டியில தூக்காதீங்க. பழசு ஒண்ணு உங்க அம்மா வீட்டுல இருக்குல்ல, அதைக் கொண்டாங்க." திமிரைப் பாரு! எனக்கு இவ சொல்லித் தர்றா. சரி, அவ வாயால சொன்னதை வச்சே அவளை ஜெயிப்போம்னுதான் விடிஞ்சதும் கிளம்பி வந்து எடுத்துட்டுப் போறேன்.

ஏன் தாயி அப்படிப் பாக்குற?

அடியைக் காட்டவா? எதுக்கு? அடியில என்ன இருக்கு? அதெல்லாம் சரியாத்தான்... சரி சரி, பாத்துக்கோ. மெதுவா. தலைகீழாக் கவுத்தும்போது பாட்டில் மேல் மூடிப் பக்கம் வந்து இடிக்கும், ஒரு கையை அங்க குடு. ஆங்.

என்ன ஒட்டியிருக்கு?

எங்க? கண்ணாடி போடாம எனக்குத் தெரியாது. என் விரலைப் பிடிச்சு வை. ஆமா. வழுவழுன்னு இருக்கு. இந்தப் பக்கச் சுவர்ல தொடங்கி, அடி முழுக்க ஓடி, அந்தப் பக்கம் ஏறுது. குறுக்க ஒண்ணும் போகுது.

பிரஸ்ல ஒட்டியிருப்பாங்க. அண்ணாச்சி பயந்தாங்கொள்ளி, ஒரு பொட்டிக்குச் சும்மா ஒட்டி விட்டிருப்பாரு. அது எதுக்கு? இதைப் பெரிய மாமா பாத்தா, டேப்பைப் போட்டு ஜெயிக்கப் பாக்குறான்னு ஜெயக்கொடி சொல்லிருவா. உரிச்சிரணும். டேப்பு இல்லாமலே நிக்கும் இது. நீ விடு, நானே உரிக்கிறேன். நுனி எங்கன்னு நகத்தை வச்சுத் தேடணும்...

தேட வேண்டாம். கையிலயே வந்துருச்சு. மடிச்சு விட்டிருக்கு.

ஒண்ணுமில்ல.

ஒண்ணுமில்ல, தாயி. என் முகத்தைப் பாக்காத. ஜன்னல் பக்கம் பாரு.

உரிச்சுட்டேன். பாரு, எம்புட்டுச் சுலபமா வந்துருச்சு. ரெண்டும் வந்துருச்சு. இந்தா, இதைப் பிடி, தூக்கிப் போட்டுராத, சும்மா பிடி. இப்ப நிமித்துறேன். மேல பிடிக்கிறேன். பாத்துக்கோ. மூணு வருஷமா நிக்கிற பொட்டி. இப்பத் தூக்குறேன், பாரு...

அய்யோ! பிடி! பாட்டில், பாட்டில்! அந்தச் சீட்டுக்கு அடியில போகுது. ஏண்ணே, பச்சைச் சட்டைண்ணே, உங்க கால்கிட்ட உருண்டு வருது பாருங்க, கண்ணாடி, மிதிச்சுராதீங்க! கண்டக்டர் தம்பி, கத்தாத, தண்ணிதான், வெறும் தண்ணி பாட்டிலு. உடையலையே? உடையல. அப்படியே பின்னால குடுங்கண்ணே. புண்ணியமாப் போகும்.

குடு. என் கையில குடு.

...

அத்தனைக்குமா ஒட்டியிருப்பா?

ஒரு மில்லு ஆளுக எம்புட்டுப் பேரு. ஒவ்வொண்ணுக்கும் நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு. ஒவ்வொண்ணுக்கும் நுனி மடிச்சு. வெட்டுப்பட்ட விரலோட. நான் கோயில்லேருந்து வர்றதுக்குள்ள. அடுத்த வருஷமும். அதுக்கடுத்த வருஷமும். எங்க வீட்டுக்காரருக்குத் தெரியும். பட்டறையில அத்தனை பேருக்கும் தெரியும். மாரியாத்தாளுக்கும் தெரிஞ்சிருக்கும், நான் போய் அங்க அழும்போது.

பழசைக் கொண்டாங்கன்னு படியில நின்னு சொன்னாளே. டேப்பு ஒட்டாத புதுசுல தூக்கினா எல்லார் முன்னாலயும் என் பொட்டிதான் வாயைப் பிளக்கும்னு... பைத்தியக்காரி. நான் ஜெயிச்சா அவ எங்க போவா? அதை யோசிச்சாளா? சுத்தப் பைத்தியக்காரி.

படந்தால் தாண்டிட்டோமா? அடுத்து ஸ்டாண்டுதான். எந்திரிக்காத, இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு. அந்த டேப்பு உன் கையில இருக்குல்ல? சுருண்டு போகலையே? பசை இருக்கான்னு பாரு. கொஞ்சம் இருந்தாலும் போதும். பாட்டில் உள்ள வேண்டாம், அதை நான் கையில கொண்டு போறேன். வெறும் பொட்டிக்கு ஒட்டு. இருந்த இடத்துலயே ஒட்டு, தடம் தெரியுதுல்ல? நெடுக்க ஒண்ணு, குறுக்க ஒண்ணு. அமுத்திப் பிடி.

தூக்கிக் காட்டவா? இல்ல, தாயி. நான் தூக்கலை. மாடிக்குப் போனதும் இதைக் கவுத்து நடுவுல வைக்கப் போறேன். வச்சு, ஜெயக்கொடி, நீ வந்து இதை உரிடின்னு சொல்லப் போறேன். அவதான் உரிக்கணும். பெரிய மாமாவும் பாக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும், என் கடையில எம்புட்டு டேப்பை வீணாக்கியிருக்கான்னு.

ஒட்டிட்டியா? நுனியை மடிச்சியா? மடிச்சு விடு, தாயி. உரிக்கிறவளுக்கு நகம் தேயக்கூடாது.